கல்ஃப் ஸ்ட்ரீமை இரவில் கடக்க வேண்டும்: மயாமியிலிருந்து பிமினி. என் திட்டம் சரிதானா?

கடல்வழி

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் 32 அடிப் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. மிதக்க ஐந்தடித் தண்ணீர் வேண்டும். நானும் மனைவியும் மட்டும்தான். இரண்டு வருடமாகக் கரையை ஒட்டியே ஓட்டுகிறோம். இரவில் போனது இரண்டே தடவை, அதுவும் கரை விளக்குகள் கண்ணில் படும் தூரத்தில்.

இப்போது ஃப்ளோரிடாவிலிருந்து பஹாமாஸ் போக ஆசை. கீ பிஸ்கேனின் தென்முனையில் இருக்கும் நோ நேம் ஹார்பரிலிருந்து பஹாமாஸின் பிமினித் தீவு சுமார் 45 கடல் மைல். படகின் வேகம் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல். ஒன்பது மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். வியாழன் இரவு 8 மணிக்குக் கிளம்பினால் விடியும்போது தீவு தெரியும். கடல் வரைபடத் திரையான சார்ட் ப்ளாட்டரில் நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டை விட்டு விலகாதபடி ஆட்டோபைலட்டை வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நடுவில் வடக்கே ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் படகைத் தள்ளினாலும் அது சரிசெய்துகொள்ளும் அல்லவா? வியாழனுக்கு வடகிழக்குக் காற்று 12 முதல் 15 நாட் என்று முன்னறிவிப்பு. பக்கவாட்டுக் காற்று, பாய்க்கு அருமையாக இருக்கும். எங்கே தவறு செய்கிறேன் என்று சொல்லுங்கள்.

திசைமானி

முதலில் ஒன்பது மணி நேரம் என்ற எண்ணை விட்டுவிடுங்கள். ஃப்ளோரிடா நீரிணையில் இந்த ஓட்டம் நடுவில் 3.5, சில நாள் 4 நாட்டுக்கும் மேல் போகும். ஓரங்களில் குறைவு. கரைக்குக் கரை சராசரியாக 2.5 நாட் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 5 நாட் ஓடும் படகு, 2.5 நாட் குறுக்கு ஓட்டத்தில் நேர்கோட்டில் போக வேண்டுமானால் படகின் முன்முனையான அணியத்தைத் தெற்கே 30 டிகிரி திருப்பி வைக்க வேண்டும். அப்போது கிழக்கு நோக்கி உங்களுக்குக் கிடைப்பது 4.3 நாட்தான். 45 மைலுக்குப் பத்தரை மணி நேரம் ஆகும்.

ஆட்டோபைலட்டைக் கோட்டோடு கட்டிப்போடுவதுதான் பெரிய தவறு. எண்ணால் காட்டுகிறேன். பாதித் தூரம் ஓட்டம் 4 நாட், மீதிப் பாதி 1 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி அதே 2.5. கோட்டிலேயே நிற்க வேண்டும் என்றால், 4 நாட் பகுதியில் உங்கள் ஆட்டோபைலட் படகைத் தெற்கே 53 டிகிரி திருப்பிவிடும். கிழக்கே 3 நாட்டில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். மொத்தம் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பதில், முழு இரவுக்குமான தள்ளலை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரே திசையைப் பிடித்துப் போனால் பத்தரை மணிதான். திரையில் உங்கள் தடம் நேராக இருக்காது. முதலில் கோட்டுக்குத் தெற்கே போகும், நடுவில் வடக்கே தள்ளப்படும், கடைசியில் வளைந்து வந்து சேரும். அதைப் பார்த்துப் பயந்து சுக்கானைத் திருப்பாமல் இருப்பதற்கே ஒரு மனப்பயிற்சி வேண்டும்.

மணிக்கொரு முறை நிலையைக் குறித்துக்கொண்டு, மீதித் தூரத்துக்கு மறுபடி கணக்குப் போடுங்கள். திருத்தம் வேண்டுமென்றால் ஐந்து டிகிரி, பத்து டிகிரி. அவ்வளவுதான். திசைகாட்டிக்கு மாற்றும்போது அந்தப் பகுதியில் காந்த விலகல், அதாவது உண்மை வடக்குக்கும் திசைகாட்டியின் வடக்குக்கும் உள்ள வேறுபாடு, சுமார் 7 டிகிரி மேற்கு என்பதையும் மறக்க வேண்டாம், கூட்டிக்கொள்ள வேண்டும்.

சுக்கான்பிடி

திசைமானி சொன்ன கணக்கு சரி. ஆனால் தம்பி, கணக்குக்கு முன்னால் காற்று. வியாழக்கிழமை கிளம்பாதீர்கள். தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

ஓட்டம் வடக்கே போகிறது. காற்று வடகிழக்கிலிருந்து அதன் முகத்தில் வந்து அடிக்கிறது. அலை எதிர் ஓட்டத்துக்குள் நுழைந்தால் நீளம் குறுகும், உயரம் கூடும், செங்குத்தாகும். ஓட்டத்தின் வேகம் அலையின் வேகத்தில் கால் பங்கை எட்டினால் அந்த அலையால் அதற்கு மேல் முன்னேறவே முடியாது. அங்கேயே உடையும். 4 விநாடி இடைவெளியில் வரும் சின்ன அலை ஆழ்கடலில் சுமார் 12 நாட் வேகத்தில் ஓடும். அதற்கு 3 நாட் எதிர் ஓட்டம் போதும். கரையில் 12 நாட் காற்று எழுப்பும் அலையெல்லாம் இந்த வகைதான். அந்த ஊர்ப் படகோட்டிகள் காலையில் கிழக்கே அடிவானத்தைப் பார்ப்பார்கள். கோடு சீராக இல்லாமல் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தால் 'யானைகள் நிற்கின்றன' என்று சொல்லிவிட்டு நங்கூரத்தைத் தொட மாட்டார்கள்.

நான் ஒரு முறை வடக்குக் காற்று 15 நாட்டில் கிளம்பினேன். கரையோரம் குளம் போல இருந்தது. ஒன்பதாவது மைலில் தண்ணீரின் குணமே மாறியது. அணியம் ஏறும், அடுத்த அலை வருவதற்குள் வெறும் காற்றில் விழும், படகு முழுக்க அதிரும். உள்ளே கத்தி கரண்டி வைத்திருந்த இழுப்பறை தானாகத் திறந்து எல்லாம் தரையில். அரை மணி நேரத்தில் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. டீசல் தொட்டியின் அடியில் வருடக்கணக்கில் படிந்திருந்த கசடு, இந்தக் குலுக்கலில் கலங்கி ஃபில்டரை அடைத்திருந்தது. இருட்டில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, டீசல் நாற்றத்தில் ஃபில்டர் மாற்றியது இன்னும் நினைவிருக்கிறது. திரும்பி வந்துவிட்டோம். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தமே இல்லை.

காற்றில் வடக்கு என்ற சொல்லே இருக்கக் கூடாது. வடக்கு, வடமேற்கு, வடகிழக்கு எதுவும் வேண்டாம். வடக்கிலிருந்து குளிர்காற்றைக் கொண்டுவரும் குளிர்கால முகப்பு ஒன்று கடந்துபோனால், காற்று திரும்பியபின் குறைந்தது ஒரு நாள் காத்திருந்து கடல் அடங்கட்டும்.

நெடுந்தூரம்

கொஞ்சம் மிகையாகப் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. நாங்கள் வடகிழக்கு 10 நாட்டில் கடந்திருக்கிறோம். குலுக்கல் இருந்தது, அவ்வளவுதான். எப்போதும் தெற்குக் காற்றுக்குக் காத்திருந்தால் குளிர்காலம் முழுக்கத் துறைமுகத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

சுக்கான்பிடி

உங்கள் படகு எத்தனை அடி என்று சொல்லவில்லையே. 45 அடிப் படகில் நாலு பேர் இருந்தால் 10 நாட் வடகிழக்கு வெறும் சிரமம். 32 அடியில் இரண்டு பேர், முதல் பெரிய இரவு என்றால் அது வேறு கதை. இன்னொன்றும் பாருங்கள். 15 நாட் வடக்குக் காற்று 3 நாட் வடக்கு ஓட்டத்தின் மேல் 18 நாட்டாக உரசுகிறது. அதே 15 நாட் தெற்கிலிருந்து வந்தால் 12. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும் என்பதால், முன்னறிவிப்பில் ஒரே எண்ணாக இருந்தாலும் கடலுக்கு அது இரண்டேகால் மடங்கு வித்தியாசம்.

நெடுந்தூரம்

46 அடி. சரி, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கு நீங்கள் சொல்வதுதான் பொருந்தும்.

திசைமானி

கடல்வழி, காற்றைப் பற்றிச் சுக்கான்பிடி அண்ணன் சொன்னதோடு இதையும் யோசியுங்கள். கிளம்பும் இடத்தை மாற்றுங்கள். முதலில் பிஸ்கேன் விரிகுடா வழியாகத் தெற்கே இறங்கி, கீ லார்கோவின் வடக்கே இருக்கும் ஏஞ்சல்ஃபிஷ் க்ரீக் என்ற சிறு நீர்வழி வரை போய்விடுங்கள். அங்கிருந்து பிமினி சுமார் 55 மைல், வடகிழக்காக. தூரம் பத்து மைல் கூடுகிறதே என்று தோன்றும். ஆனால் இப்போது வடக்கே போக வேண்டிய 22 மைலை ஓட்டமே சுமந்துகொண்டு போகும். அதே 2.5 நாட் சராசரி, அதே 5 நாட் படகு: உண்மைத் திசை 94 டிகிரி, ஏறக்குறைய நேர்கிழக்கு. நேரம் பத்து மணிக்குக் கொஞ்சம் மேல்.

நோ நேம் ஹார்பரிலிருந்து 45 மைல், பத்தரை மணி, அணியம் சுமார் 120 டிகிரி. தென்கிழக்குக் காற்று வந்தால் அது நேராக முகத்தில். இங்கிருந்து 55 மைல், பத்து மணி, அணியம் 94. தெற்கோ தென்தென்கிழக்கோ எது வந்தாலும் பாய் நிறையும்.

க்ரீக்கில் ஆழம் குறைவு. உங்கள் ஐந்தடிக்கு உயர்நீரில் மட்டும் நுழையுங்கள், பகலில் மட்டும்.

ஏடும்கடலும்

பழைய கதை ஒன்று, இந்த இழைக்குப் பொருத்தமானது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அமெரிக்கக் காலனிகளின் தபால் துறைத் துணைத் தலைவராக இருந்தபோது, இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வரும் தபால் கப்பல்கள் வணிகக் கப்பல்களைவிட வாரக்கணக்கில் தாமதமாவது ஏன் என்ற கேள்வி வந்தது. அவருடைய உறவினர் டிமோதி ஃபோல்ஜர் நான்டக்கெட் தீவின் கப்பல் தலைவர். திமிங்கல வேட்டைக்காரர்களுக்கு இந்த ஓட்டத்தின் எல்லைகள் அத்துப்படி என்றும், அதை எதிர்த்து நிற்கும் தபால் கப்பல்களிடம் 'குறுக்கே கடந்து வெளியே போங்கள்' என்று அவர்கள் சொல்லியும் கேட்பாரில்லை என்றும் அவர் விளக்கினார். ஃபோல்ஜர் வரைந்து கொடுத்ததை வைத்து 1769 வாக்கில் ஃபிராங்க்ளின் வரைபடம் அச்சிட்டார். பிறகு தன் கடல் பயணங்களில் வெப்பமானியைத் தண்ணீரில் இறக்கி ஓட்டத்தின் ஓரத்தைத் தேடினார். இன்றும் குளிர்காலத்தில் அது வேலை செய்யும். படகில் நீர் வெப்பமானி இருந்தால் இரவு முழுக்கக் கண் வையுங்கள். எண் சட்டென்று ஏறும் இடம்தான் ஓரம்.

அலைமேல்

கடல்வழி அண்ணா, இதுவரை எல்லோரும் படகைப் பற்றியே பேசிவிட்டார்கள். நான் உங்கள் மனைவியைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் கீழே தூங்கும்போது படகு அவர் கையில். நள்ளிரவில் நீங்கள் தவறி விழுந்தால் அவர் தனியாக உங்களைத் தூக்க முடியுமா?

நானும் கணவரும் மட்டும்தான் ஓட்டுகிறோம். எங்கள் வழக்கம் இது: இருட்டியபின் பாதுகாப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டாமல் சுக்கான் இருக்கும் காக்பிட்டுக்கு ஏறுவதில்லை. மற்றவர் விழித்திருந்து பார்க்காமல் காக்பிட்டை விட்டு முன்னால் போவதில்லை. பாயைச் சுருக்குவதாக இருந்தால் பொழுது சாயும் முன்பே ஒரு மடிப்பு.

இந்த ஓட்டத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆள் விழுந்ததும் ப்ளாட்டரில் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறோம். அது பதிவது பூமியின் மேல் ஒரு புள்ளி. விழுந்தவரோ தண்ணீரோடு போகிறார். 3 நாட் ஓட்டத்தில் நிமிடத்துக்குத் தொண்ணூறு மீட்டருக்கு மேல். பத்து நிமிடம் கழித்து அந்தப் புள்ளிக்குத் திரும்பினால் அவர் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வடக்கே இருப்பார். அதனால் பொத்தானை நம்பி வட்டமடிக்கக் கூடாது. விளக்கு வைத்த மிதவையை உடனே எறிய வேண்டும். அதுவும் அதே தண்ணீரில் அவரோடு சேர்ந்தே மிதக்கும். திரையைப் பார்க்காமல் அந்த விளக்கைப் பாருங்கள். இரண்டு பேரும் இதைப் பகலில் ஒரு மெத்தையைத் தூக்கி எறிந்து பழகிப் பாருங்கள், அவர் சுக்கானில், நீங்கள் சும்மா உட்கார்ந்து.

கடல்வழி

அலைமேல் அம்மா, இதைப் படித்துவிட்டு அவளிடம் காட்டினேன். 'இதைத்தான் நான் கேட்கத் தெரியாமல் இருந்தேன்' என்றாள். நாளைக்கே பயிற்சி.

வியாழன் ரத்து. சுக்கான்பிடி அண்ணன் சொன்னபடி டீசல் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் கரும்பழுப்பாகச் சேறு போல ஒரு விரற்கடை இருந்தது. தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் சொல்லியிருக்கிறேன். உதிரி ஃபில்டர் மூன்று வாங்கிவிட்டேன்.

கப்பல் போக்குவரத்து எப்படி இருக்கும்?

நள்ளிரவுக்காவல்

நிறைய இருக்கும், ஆனால் ஒழுங்கு தெரிந்தால் பதற்றம் குறையும். தெற்கே போகும் கப்பல்கள் எதிர் ஓட்டத்தைத் தவிர்க்க ஃப்ளோரிடாக் கரையை ஒட்டி வரும். ஆகவே முதல் சில மைலில் இடப்பக்கம் பாருங்கள். வடக்கே போகும் கப்பல்கள் ஓட்டத்தின் நடுவில் ஏறிச் சவாரி செய்யும். அவை உங்கள் வலப்பக்கமிருந்து வரும், எதிர்பார்ப்பதைவிட வேகமாக. உல்லாசக் கப்பல்கள் ஒரு ஊரே மிதந்து வருவது போல வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் அவற்றின் சிவப்பு, பச்சை விளக்குகள் மூழ்கிவிடும். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணால் சொல்வது கடினம்.

அதனால் கையில் பிடிக்கும் திசைகாட்டியை எடுத்து ஒவ்வொரு கப்பலின் திசையையும் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதும் வழி. கப்பல்களின் பெயரையும் இடத்தையும் திரையில் காட்டும் ஏஐஎஸ் கருவி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் எல்லாப் படகிலும் அது இருக்காது. சந்தேகம் வந்தால் விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் கப்பலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் பணிவாகவே பதில் வரும்.

நெட்டாக ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று வெள்ளை விளக்கு தெரிந்தால், அது 200 மீட்டருக்கு மேல் நீளமான இழுவையோடு வரும் படகு. அதற்குப் பின்னால் காலி இடம் போலத் தெரியும் இருட்டில் இரும்புக் கயிறும் மிதவைக் கலமும் இருக்கின்றன. அந்த இடைவெளியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

ஏடும்கடலும்

அப்புறம் வந்து சேரும் நேரம். விடியற்காலையில் பிமினி வாயிலில் நீங்கள் கிழக்கு நோக்கிப் போவீர்கள். சூரியன் கண்ணுக்கு நேர். மணல் திட்டு எது, வாய்க்கால் எது என்று நிறத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கண் கூசினால் எல்லாம் ஒரே வெள்ளி. ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறியபின் நுழைவதுபோல் கிளம்புங்கள். அதாவது இரவு 11 மணிக்கு.

தென்முனை

நான் தென்னாப்பிரிக்காவின் அகுல்ஹாஸ் ஓட்டப் பக்கம் ஓட்டியவன். டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் வரை சுமார் 250 மைலில் ஒதுங்க இடமில்லை. ஓட்டம் தென்மேற்கே, புயல் காற்று தென்மேற்கிலிருந்து. அங்கே கப்பல்களையே உடைத்த அலைகள் உண்டு. அந்தக் கரையில் கற்றுக்கொண்டது: தென்மேற்கு அடங்கி, காற்றழுத்தத்தைக் காட்டும் பாரமானி உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கும் நேரத்தில் கிளம்ப வேண்டும். நடுவில் காற்று திரும்பினால் உடனே கரைப்பக்கம், 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே ஒதுங்க வேண்டும். அங்கே ஓட்டம் தளர்ந்திருக்கும். கல்ஃப் ஸ்ட்ரீம் கடப்பது ஒரே இரவுதான் என்றாலும், 'நடுவில் காற்று திரும்பினால் எங்கே போவேன்' என்ற கேள்விக்குக் கிளம்பும் முன்பே பதில் எழுதி வைத்திருங்கள். அந்தப் பதில் எப்போதும் ஓட்டம் போகும் பக்கமாக இருக்கட்டும். உங்களுக்கு அது வடக்கே, கிராண்ட் பஹாமாவின் வெஸ்ட் எண்ட். எஞ்சினும் காற்றும் சேர்ந்து கைவிட்டாலும் அந்தப் பக்கம்தான் மிதப்பீர்கள்.

கடல்வழி

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பிமினியில் இருக்கிறோம்!

இரண்டு முகப்புகள் கடந்துபோகக் காத்திருந்தோம். இரண்டாவதற்குப் பிறகு காற்று கிழக்குக்கு வந்து, தென்கிழக்காகி, தெற்கே திரும்பியது. 10 நாட். அடுத்த முகப்புக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மதியம் உயர்நீரில் க்ரீக்கைத் தாண்டி, பாறை வரிசையின் இடைவெளி வரை பகலிலேயே ஓட்டிப் பார்த்துத் தடத்தைப் பதிந்துகொண்டு, திரும்பி, கரைக்கும் பாறை வரிசைக்கும் இடையே உள்ள ஹாக் சேனலில் நங்கூரம் போட்டோம். மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் தூங்கப் போனோம். அவள் தூங்கினாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

11 மணிக்கு அதே தடத்தில் வெளியே. திசைகாட்டியில் 101. முதல் மணி நேரத்தில் ஓட்டமே தெரியவில்லை, கோட்டுக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். ஒன்றரை மணிக்கு நீர் வெப்பமானி பத்து நிமிடத்தில் இரண்டு டிகிரி ஏறியது. அதன்பின் ப்ளாட்டரில் படகின் முகம் கிழக்கே, தடம் வடகிழக்கே. கையை வைத்துத் திருத்தத் துடித்தது. திசைமானி சொன்னது நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

மூன்று மணிக் காவல் அவளுடையது. வலப்பக்கம் ஒரு சரக்குக் கப்பல். அவள் திசையை அளந்து பலகையில் எழுதினாள்: 172, 172, 171. என்னை எழுப்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் பின்னால் கடப்பதாகப் பதில் வந்தது. அடுத்த அளவு 176. அந்தப் பலகையை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஏழு மணிக்கு மீதிக் கணக்கில் வடக்கே கொஞ்சம் அதிகமாகப் போயிருந்தோம், எட்டு டிகிரி தெற்கே திருப்பினோம். 9:40-க்கு வாயில். அடர்நீலம் ஒரு படகு நீளத்துக்குள் பச்சையாக மாறி, அடியில் மணல் தெரிந்தது. வேறு நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும் மஞ்சள் கொடியை அவள்தான் ஏற்றினாள்.

அலைமேல்

அவரை இங்கே ஒரு கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். கப்பலோடு பேசியதை அவர் எழுதியே படிக்க வேண்டும்.

சுக்கான்பிடி

மகிழ்ச்சி, தம்பி. ஃபில்டர் எப்படி?

கடல்வழி

கிண்ணம் சுத்தம் அண்ணே. மூன்று உதிரியும் அப்படியே இருக்கின்றன. திரும்பும் வழியைப் பற்றி இப்போதே கேட்டுவிடுகிறேன். மயாமிக்கு நேரே மேற்கு என்றால் மறுபடி 30 டிகிரி தெற்கே திருப்ப வேண்டும், இல்லையா?

திசைமானி

மயாமிக்கே வந்தாக வேண்டும் என்றால் அப்படித்தான். ஆனால் மயாமிக்கு வடக்கே, ஃப்ளோரிடாக் கரையிலேயே இருக்கும் லேக் வொர்த் வாயிலைப் பாருங்கள். பிமினியிலிருந்து சுமார் 75 மைல். அணியம் 313 டிகிரி, ஓட்டம் பின்னாலிருந்து தள்ளும், அதே 5 நாட்டில் பதினோரு மணி நேரம்கூட ஆகாது. தெற்குக் காற்று வரும் இரவுக்குக் காத்திருங்கள்.